சாம்பல் வண்ணத்துக்கு அடியில்

நோரீன் ஹால்வர்சன் இருபத்தேழு வருடம் அறுவடை இயந்திரங்களுக்கு வண்ணம் அடித்தவர். எங்கள் கவுண்டியில் சோளம் அறுக்கும் இயந்திரங்களில் பாதி அவருடைய ஸ்ப்ரே கன்னுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தவைதான். ஓய்வு பெற்ற நாளில் தொழிற்சாலையில் அவருக்கு ஒரு கேக் வைத்தார்கள். ஓரத்தில் இருந்த கிரீம் கோடு கோணலாக இருந்தது. எல்லோரும் காத்திருக்க, அவர் கத்தியின் முதுகால் அந்தக் கோட்டை நேராக்கிவிட்டுத்தான் கேக்கை வெட்டினார்.

கணவன் பல வருடங்களுக்கு முன்பே அரிசோனாவுக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். நோரீனுக்கு இருப்பது ஒரே மகள், கிர்ஸ்டன். முப்பத்து நான்கு வயது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் டேங்கர் லாரி ஓட்டுகிறாள். ஓட்டாத நேரமெல்லாம் எங்கள் சிறிய விமானத்தளத்தில் வாடகைக்கு எடுத்த கொட்டகையில் இருப்பாள். அங்கே ஆறு வருடமாக இரண்டு பேர் உட்காரும் ஓர் அலுமினிய விமானத்தைத் தன் கையால் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த விமானத்தைக் கண்டாலே நோரீனுக்குப் பயம்.

அதற்குக் காரணம் இருந்தது. மூன்று கோடைக்கு முன் அந்தத் தளத்தில் சொந்தமாக விமானம் கட்டும் எங்கள் சங்கத்து ஆள் ஒருவர், தான் கட்டிய விமானத்தோடு சோள வயலில் விழுந்து இறந்தார். சங்கத்தின் சனிக்கிழமை விருந்து நடந்துகொண்டிருந்தது. நோரீன் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட்டை நான் தட்டில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எரிபொருள் குழாயில் பட்டாணி அளவு பசைக் கட்டி ஒன்று அடைத்திருந்ததாகப் பிறகு கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து பட்டாணி அளவு என்றாலே நோரீனுக்குப் பெரிய அளவு.

அதன்பின் அவர் மகளுடைய கொட்டகைக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தார். ஒரு ரிவெட் ஆணியின் தலை சாய்ந்திருக்கிறது என்றார். வால் பக்கம் எலி வாசனை வருகிறது என்றார். கதவு மூடும் சத்தம் போன வாரம் வேறு மாதிரி இருந்தது என்றார். ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்து மாட்ட வாரக்கணக்கில் ஆயிற்று. ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஊர் முழுக்க மீன் வறுவல் சாப்பிடும் கடையில், கிர்ஸ்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, ஒரு ஒப்பந்தம். விமானத்தோட உள்பக்கத்துக்கு நீதான் பெயிண்ட் அடிக்கணும்."

"நானா?"

"இந்தக் கவுண்டில உன்ன விட யாரு அடிப்பா? ஒவ்வொரு மூலையும் உன் கைபடும். என்ன வேணுமோ பாத்துக்கோ, தடவிப் பாத்துக்கோ, மோந்து பாத்துக்கோ. ஆனா அடிச்சு முடிச்சப்புறம் அங்க குறை, இங்க குறைன்னு ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"பெரிசா ஏதாவது இருந்தா?"

"உனக்கு எல்லாமே பெரிசுதான்."

நோரீன் ஒரு மீன் துண்டைப் பிய்த்து முள் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சரி என்றார். மகள் உட்காரப்போகும் இடத்தை அங்குலம் அங்குலமாகத் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி அவருக்குத் தோன்றவில்லை.

வேலை ஏப்ரல் முதல் வாரம் தொடங்கியது. இறக்கைகளை இன்னும் மாட்டவில்லை. உடல் மட்டும் மரத் தாங்கிகளின் மேல் ஒரு படகு போல நின்றது. நோரீன் உள்ளே ஒரு பலகையைப் போட்டு மல்லாந்தும் குப்புறவும் படுத்துக்கொண்டு வேலை செய்தார். முதலில் அலுமினியத்தின் மினுமினுப்புப் போகும்வரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு இரண்டு துணி. ஒன்றைத் தின்னரில் நனைத்துத் துடைப்பது, அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் அழுக்கை எடுப்பது. கடைசியில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். தண்ணீர் ஒரே படலமாக நின்றால் சுத்தம். எங்காவது முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது, திரும்ப முதலிலிருந்து. கிர்ஸ்டனின் ஒரே ஒரு விரல் ரேகைக்காக இடது சுவர் முழுவதையும் அவர் மூன்று தடவை துடைத்தார்.

நிறத்தையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார். கிர்ஸ்டனுக்குக் கறுப்பு வேண்டும் என்று ஆசை. நோரீன் வெளிர் சாம்பல்தான் என்றார். அந்த நிறத்தில் ஒரு விரிசல் விட்டாலும் தெரியும், ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தாலும் தெரியும்.

உள்ளே ஓர் இடத்துக்கு மட்டும் வண்ணம் தேவையில்லை; டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் சுற்றிலும் அடிக்க வேண்டும். இரண்டு இருக்கைகளுக்கும் அடியில், உடலின் குறுக்கே ஒரு கனமான அலுமினியத் தண்டு போகிறது. இரண்டு இறக்கைகளையும் தாங்குவது அதுதான். அரித்துப்போகாமலிருக்கத் தங்க நிறத்தில் ஒரு பூச்சு கொடுத்து, பாகங்கள் செய்யும் நிறுவனத்திலிருந்தே அப்படித்தான் வரும். எங்கள் சங்கத்தில் அவரவர் கட்டும் விமானங்களை மேற்பார்வை பார்ப்பவர் மெர்ல் த்வோராக். நாற்பது வருடம் விமான மெக்கானிக்காக இருந்தவர். முதல் நாளே வந்து அந்தத் தண்டைத் தட்டிக் காட்டினார்.

"நோரீன், மத்த எடத்துல நீ என்ன வேணா பண்ணிக்கோம்மா. இது மேல பிளேடு படக்கூடாது. டேப் வெட்டணும்னா இந்தா, கண்ணாடி. இது மேல வெச்சு வெட்டிட்டு எடுத்துட்டுப் போய் ஒட்டு."

பழைய ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கொடுத்தார். நோரீன் ஒன்பது நாள் அதன் மேல்தான் வெட்டினார்.

பத்தாவது நாள், ஏப்ரல் பதினான்கு. வண்ணமும் கெட்டியாக்கியும் கலந்து ஸ்ப்ரே கன்னில் ஊற்றியாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் அடித்து முடிக்காவிட்டால் உள்ளேயே கல்லாகிவிடும். வலது இருக்கைக்கு அடியில், தண்டின் மேல் ஒட்டிய டேப்பின் ஒரு முனை கொஞ்சம் நீண்டிருந்தது. கண்ணாடி வெளியே மேசையில் இருந்தது. நோரீன் பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்தார், டேப்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினார், குறுக்கே ஒரு இழுப்பு. இருபத்தேழு வருடம் தினம் நூறு தடவை செய்த காரியம். அறுவடை இயந்திரத்தின் இரும்பின் மேல் பிளேடு வழுக்கிக்கொண்டு போய்விடும். அலுமினியம் அப்படியில்லை, பிளேடைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பு அவர் மணிக்கட்டில் தெரிந்தது.

டேப்பை உரித்தார். தங்க நிறத்தின் குறுக்கே, கட்டைவிரல் நகத்தின் நீளத்துக்கு, வெள்ளையாக ஒரு கோடு.

வெளியே கிர்ஸ்டன் எதையோ அறுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவள் முகம் எப்படிப் போகும் என்று நோரீனுக்குத் தெரியும். எலி வாசனைக்குப் போனது போலத்தான் போகும். அவர் டேப்பை ஒரு விரல் அகலம் தள்ளி ஒட்டினார். முகமூடியை மாட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன்னை எடுத்தார். இரண்டாவது வீச்சில் கோடு மறைந்தது.

மறுவாரம் கொட்டகையில் மிச்சம் கிடந்த அலுமினியத் தகட்டிலிருந்து ஒரே அளவில் இரண்டு பட்டைகள் வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒன்றின் குறுக்கே அதே பிளேடால், அதே அழுத்தத்தில், ஒரு கோடு இழுத்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டையும் முன்னும் பின்னுமாக மடித்து எண்ணினார். கோடு இல்லாதது முப்பத்தோராவது மடிப்பில் உடைந்தது. கோடு போட்டது ஒன்பதாவது மடிப்பில், சரியாகக் கோட்டின் மேலேயே. துண்டுகளை மேலங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தேவாலய விருந்தில் அலுமினியத் தட்டில் இருந்த எலுமிச்சை கேக்கை வெட்டச் சொல்லி அவர் கையில் கத்தியைக் கொடுத்தபோது, தட்டில் கத்தி உரசிய சத்தத்தில் அப்படியே நிறுத்திவிட்டார். கை வலிக்கிறது என்று சொல்லி வேறொருவரிடம் கொடுத்தார்.

மே முதல் வாரம் மெர்ல் டார்ச்சும் கைக்கண்ணாடியுமாக வந்து விமானத்தின் உள்ளே புகுந்தார். நோரீன் வெளியே நின்றார். மெர்லின் காலணிகள் மட்டும் தெரிந்தன. நெடுநேரம் கழித்துக் குரல் வந்தது.

"நோரீன், தண்டுல இடது பக்கம் உன் பெயிண்ட் எங்க நிக்குது, வலது பக்கம் எங்க நிக்குதுன்னு பாத்தியா? ஒரு விரல் தள்ளியிருக்கு."

"டேப் நழுவிடுச்சு."

"உன் டேப்பா?"

"ஆமா."

மெர்ல் வெளியே வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்பாடா. நீயும் மனுஷிதான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கேக்கோட கோட்ட நேராக்கின கையாச்சே இது."

அன்று மாலைக்குள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்துக் கொட்டகை லைல், காப்பி ஊற்றும்போது கோப்பையில் கொஞ்சம் இடம் விட்டு, "நோரீன் விரல் அளவு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

மகளைத் தாமதப்படுத்த அவர் தன்னால் ஆனதைச் செய்தார். ஒரு மூலையில் வண்ணம் மெலிந்திருக்கிறது என்று சுரண்டி மறுபடி அடித்தார். இருக்கை உறையின் தையல் நிறம் பொருந்தவில்லை என்றார். கிர்ஸ்டன் விரலை மட்டும் உயர்த்திக் காட்டுவாள், ஒப்பந்தம் என்று. இறக்கைகளை மாட்டினார்கள். அரசாங்க ஆய்வாளர் வந்தார். விமானத்துக்குள் ஒட்டவேண்டிய எழுத்துகளை நோரீன்தான் அளவு பார்த்து ஒட்டினார். 'பரிசோதனை' என்று பெரிய எழுத்தில் ஒன்று. அதன் கீழே, இது தனியாரால் கட்டப்பட்டது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று பயணிக்கு ஓர் எச்சரிக்கை. எழுத்துகளைக் கட்டைவிரலால் இரண்டு தடவை நீவினார். ஆய்வாளர் வண்ண வேலையைப் பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முதல் பறப்பு மே இருபத்தொன்று, சனிக்கிழமை காலை என்று முடிவானது. அன்று காற்றே இல்லை. ஓடுபாதை ஓரத்துப் புல்லில் பனி ஈரம். மெர்ல் கையில் ரேடியோவோடு நின்றார். லைல் தன் பிக்கப் வண்டியின் பின்னால் மூன்று தீயணைப்பு உருளைகளை வைத்திருந்தான். அந்த உருளைகளைப் பார்த்ததும் நோரீன் நேராக நடந்துபோய், இறக்கையில் ஏறி, விமானத்தின் வலது இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

கிர்ஸ்டன் எரிபொருள் மூடியைச் சரிபார்த்துவிட்டு வந்தாள்.

"அம்மா, இறங்கு. முதல் நாப்பது மணி நேரம் நான் மட்டும்தான் போகணும்னு சட்டம். தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஒப்பந்தம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஒண்ணும் பேசாத. இறங்கு."

"கிர்ஸ்டன், இது நான் கண்டுபிடிச்ச குறை இல்ல. நான் பண்ணின குறை."

மெர்ல் பக்கத்தில் வந்தார். "காலங்காத்தால என்ன இது, நோரீன்? பயமா இருந்தா என்கூட வந்து நில்லு. காப்பி இருக்கு."

நோரீன் மேலங்கிப் பாக்கெட்டிலிருந்து நான்கு அலுமினியத் துண்டுகளை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். கிர்ஸ்டன் அவற்றைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு ஜோடியின் உடைந்த விளிம்பு கரடுமுரடாக இருந்தது. மற்றொன்று அளவுகோல் வைத்தது போல நேராக உடைந்திருந்தது.

"எத்தன தடவ மடிச்ச?"

"ஒண்ணு முப்பத்தொண்ணு. இன்னொண்ணு ஒம்பது."

"பிளேடா?"

"தண்டு மேல. இதோ, எனக்கு அடியில. டேப் நழுவல, நான்தான் தள்ளி ஒட்டினேன்."

"எப்ப?"

"ஏப்ரல் பதினாலு."

"இன்னிக்கு மே இருபத்தொண்ணு."

"ஆமா."

கிர்ஸ்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்திருக்கும். துண்டுகளைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்துவிட்டு, விமானத்தைக் கொட்டகைக்குத் தள்ளச் சொன்னாள். இருக்கைகளைக் கழற்றினாள், பிறகு தண்டை மறைத்துப் போட்டிருந்த மேல்மூடியைக் கழற்றினாள். நோரீன் துணியை வண்ணம் நீக்கும் திரவத்தில் நனைத்து, தான் அடித்த சாம்பல் வண்ணத்தைத் தானே கரைத்து எடுத்தார். கோடு வெளியே வந்தது.

மெர்ல் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். சுண்டுவிரல் நகத்தைக் கோட்டின் மேல் மெதுவாக இழுத்தார். நகம் கோட்டில் மாட்டி நின்றது.

"பிடிக்குது," என்றார்.

லைல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு மெர்ல் ஆழம் பார்க்கும் கருவியை வைத்து அளந்தார். தலைமுடியின் தடிமனில் பாதி.

"நீளவாக்குல இருந்தா தேச்சுட்டுப் போயிடலாம். குறுக்க இருக்கு. தண்டு வளையறப்பல்லாம் இந்த எடம் வாயைத் தொறக்கப் பாக்கும். இது போதும், போதாதுன்னு நான் சொல்ல மாட்டேன். தண்டச் செஞ்சவன் சொல்லணும்."

படம் எடுத்து, அளவுகளை எழுதி, விமானப் பாகங்களைச் செய்து விற்கும் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் கிர்ஸ்டன் தாயிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. நோரீன் தினமும் கொட்டகைக்கு வந்தார்.

"மெர்ல், அந்த விளக்கக் கொஞ்சம் நகத்தச் சொல்லுங்க எங்கம்மாவ."

"நோரீன், விளக்க நகத்தும்மா. ரெண்டடி தூரத்துல நிக்கற ரெண்டு பேருக்கு நடுவுல நான் ஒரு தபால்காரன். ஸ்டாம்பு ஒட்டினாதான் இனிமே வேல."

நோரீன் விளக்கை நகர்த்தினார்.

பதில் வந்தது. கோட்டைத் தண்டின் நீளவாக்கில் மட்டும், மிக மெல்லிய தாளால், ஓரமே தெரியாதபடி சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு அரித்துப்போகாமல் காக்கும் திரவம் தடவ வேண்டும். இருபத்தைந்து மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். செய்தால் பறக்கலாம்.

தேய்க்கும் வேலையை வேறு யாரிடமும் கொடுக்க நோரீன் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் குப்புறப் படுத்து, நாற்பது இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, துடைத்து, அளந்து, மறுபடி தேய்த்தார். இரண்டாம் நாள் பிற்பகல் கிர்ஸ்டன் உள்ளே எட்டிப் பார்த்து, தன் நகத்தை அந்த இடத்தில் இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள்.

"பிடிக்கல," என்றாள்.

ஒன்பது நாளுக்கும் மேல் கழித்துத் தாயிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

"மாட்டேன்."

நோரீன் திரவத்தைத் தடவினார். அந்த இடம் மெல்ல மங்கலான பொன்னிறத்துக்கு வந்தது. ஸ்ப்ரே கன் எங்கே என்று தேடியபோது கிர்ஸ்டன் தடுத்தாள்.

"பெயிண்ட் வேணாம். அது கண்ணுக்குத் தெரியணும்."

தண்டின் மேல்மூடியில், சரியாக அந்த இடத்துக்கு மேலே, இருக்கையில் உட்கார்ந்தபடியே கை எட்டும் முன் ஓரத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு அதற்கு ஒரு சிறிய மூடியும் செய்தாள்.

ஜூன் நான்காம் தேதி பறந்தாள். நோரீன் மெர்லுக்குப் பக்கத்தில் நின்றார். விமானம் தரையை விட்டது. அது தளத்தைச் சுற்றி வட்டமிட்ட முப்பத்தெட்டு நிமிடமும் அவருடைய வலது கட்டைவிரல் நகம் இடது உள்ளங்கையில் குறுக்கே இழுத்துக்கொண்டே இருந்தது. விமானம் இறங்கி நின்று, எஞ்சின் அடங்கியபின் பார்த்தால், உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு.

அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. எங்களுக்குத்தான் போயிற்று. லைல் விரல் அளவு வேடிக்கையை விட்டுவிட்டான். ஆனால் கிர்ஸ்டன் பறக்கும் ஒவ்வொரு நாளும் நோரீன் கொட்டகை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வானத்தில் சத்தம் மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். இருபத்தைந்தாவது மணி நேரம் முடிந்தபோது உருப்பெருக்கியால் முதலில் பார்த்தது அவர். பிறகு மெர்ல். பிறகு மறுபடியும் அவர்.

ஆகஸ்ட் கடைசியில் நாற்பது மணி நேரம் முடிந்தது. இனி ஒரு பயணியை ஏற்றலாம். சங்கத்தில் எல்லோரும் அது மெர்ல்தான் என்று நினைத்தோம். அவரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு தயாராகத்தான் வந்திருந்தார். நோரீன் அவரைத் தாண்டி நடந்துபோய் இறக்கையில் ஏறினார்.

"நோரீன், உனக்கு ஏணி ஏறவே பயமாச்சே," என்றார் மெர்ல்.

"வெட்டினது நான். அது மேல உக்காரவேண்டியதும் நான்தான்."

டார்ச்சை அடித்து அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, சிறிய மூடியைத் திறந்தபடியே வைத்துவிட்டு உட்கார்ந்தார். எதிரே அவர் ஒட்டிய எழுத்துகள், மயிரிழை கூடக் கோணாமல், அவரை எச்சரித்துக்கொண்டிருந்தன. கிர்ஸ்டன் குனிந்து அவருடைய பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான்."

விமானம் ஓடத் தொடங்கியது. புல்லும் கொட்டகைகளும் பின்னால் போயின. சக்கரங்களின் அதிர்வு திடீரென்று நின்றபோது நோரீனின் விரல் துளைக்குள் இருந்தது. நகத்தை ஒரு முறை இழுத்தார். எதுவும் பிடிக்கவில்லை. கீழே சோள வயல்கள் சாய்ந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.